நாளைக்கும் ஒரு புள்ளி

பழைய மாணவர் சங்கத்தார் இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப் புகுந்ததோ பந்து வீசும் பையன்களைப் பற்றி. விளையாட்டுத் துறையில் எனக்கு யாதொரு தகுதியும் இல்லை. மாணவனாயிருந்த காலத்தும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்ததே என் ஆட்டம். ஆயினும், ஒரு பிள்ளையிடத்து உறங்கிக் கிடக்கும் ஆற்றலை யார் காண்பது, எப்பொழுது காண்பது, கண்டவன் அப்பிள்ளைக்கு எவ்வளவு கடமைப்பட்டவன் என்னும் வினாக்கள் விளையாட்டாசிரியருக்கு மட்டும் உரியனவல்ல. அவை ஆசிரியத் தொழிலின் அடிப்படை வினாக்கள். அவற்றை எண்ணிப் பாராமலே தொழிலிற் பல ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருவனின் கருத்தாக இதனை அன்பர்கள் கொள்வார்களாக.

நான் குடியிருப்பது ஜிந்துப்பிட்டியில். ஒருபுறம் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் மணி. மறுபுறம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் மணி. இரண்டுக்கும் இடையே துறைமுகத்தை நோக்கிச் செல்லும் பாரவண்டிகளின் இரைச்சல். இங்குள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவாசலில் வாய்த்த திடல் ஒழுங்கை ஒன்றே. மாலை நான்கு மணிக்கு மேல் முச்சக்கர வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு ஆட்டந் தொடங்குவார்கள். பழப்பெட்டியே விக்கெற். நாடா சுற்றிய ரெனிஸ் பந்து. இருமருங்கும் வீட்டுச் சுவர், மேலே மின்கம்பி. ஆதலால் அவ்வொழுங்கைக்கென்று தனி விதிகள் உண்டு. மேல்மாடிச் சன்னலில் நேரே பட்டால் ஆட்டமிழப்பு. சுவரிற் பட்டுத் திரும்பினால் ஓட்டமில்லை. பக்கங்களில் அடிக்க இடமில்லாத அந்த இடுக்கில் வீசிப் பழகியவன் நேர்க்கோடு தவறான். இதனை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், என் பொறுப்பிலிருந்த ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் படித்தான். அவன் பெயர் இங்கு வேண்டா. தந்தையார் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி. பையன் படிப்பிற் கெட்டிக்காரனுமல்லன், மந்தனுமல்லன். வாரத்தில் இரண்டு நாளாவது பிந்தி வருவான். அவனுடைய வெள்ளைச் சட்டை வலது தோள்மூட்டில் எப்பொழுதும் தையல் விட்டிருக்கும். அதனை ஒழுங்கீனம் என்று கருதி இருமுறை கண்டித்தேன். ஒரே தோளில், ஒரே இடத்தில், மீண்டும் மீண்டும் ஏன் தையல் விடுகின்றது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. செய்யுளில் ஓர் அசை பிறழ்ந்தாற் கண்டுபிடிக்கும் கண், கண்ணெதிரே நின்ற பிள்ளையின் தோளைப் படிக்கவில்லை.

அதனைப் படித்தவர் வேறொருவர். வட்டாரப் போட்டியொன்றில் அவன் வீசியதைக் கண்டு, பெயர்பெற்ற கல்லூரி ஒன்றின் சார்பில் அவர் வந்தார். கட்டணம் இல்லை, விடுதி உண்டு, சப்பாத்தும் உடையும் தருவோம் என்றார். பெற்றோர் கண்ணீர் மல்க நின்றனர். விடுகைப் பத்திரத்தை நிரப்பியவன் நான். ‘நடத்தை நன்று’ என்று எழுதினேன். பிந்தி வருவோரில் ஒருவன் குறைந்தான் என்னும் நிம்மதியும் அப்பொழுது எனக்கு இருந்ததென்பதை மறைக்க விரும்பவில்லை.

பின்னர் நடந்தவற்றைப் பிறர் வாயிலாகவே அறிந்தேன். அங்கே பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்கும் அவனே வீசினான். ஆள் குறைந்த நாட்களிற் பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கும் வீசினான். பதினாறாம் வயதில் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு வெடித்தது. வைத்தியர் ஓய்வு விதித்தார். பெரிய ஆட்டம் நெருங்கியிருந்ததால் வலிமாற்று மருந்துடன் வீசுவித்தனர். அடுத்த பருவத்தில் எவரும் அவனைக் கூப்பிடவில்லை. க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் தவறிற்று. உயர்தரத்துக்கு இடமில்லை என்றனர். ஒழுங்கைக்குத் திரும்பி வந்தான். தந்தையின் தொழிலையேனும் செய்யலாமென்றால், மூட்டை தூக்கவும் அம்முதுகு உதவாதாயிற்று. இப்பொழுது புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றிற் பற்றுச்சீட்டு எழுதுகின்றான்.

ஓர் ஆடிவேல் நாளிற் செட்டியார் தெருச் சனநெரிசலில் அவனைக் கண்டேன். மரியாதையுடன் கைகூப்பினான். நலம் விசாரித்தபின், உன் திறமை வீணாயிற்றே என்று ஏதோ ஆறுதல் கூற முயன்றேன். அவன் சிரித்துக்கொண்டே, “சேர், நான் பந்து போடுறத நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாக்கலையே” என்றான். குற்றஞ்சாட்டும் குரலன்று அது. அதனாலேயே இன்றுவரை என் செவியை விட்டு அகலவில்லை.

அதன் பிறகே, உலகில் ஏனையோர் இளைஞரை எவ்வாறு தேர்கின்றனர் என்று படிக்கத் தொடங்கினேன். இத்துறையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர். கிரிக்கெற் நமக்கு எவ்வாறோ அவ்வாறே அவர்களுக்குப் பேஸ்போல் என்னும் அடிபந்தாட்டம். அந்நாட்டுத் தொழின்முறை அணிகள் ஒவ்வொன்றும் ஆள்தேர்வோர் பலரைச் சம்பளத்துக்கு அமர்த்தியுள்ளன. அவர்கள் உயர்நிலைப் பள்ளித் திடல்களின் ஓரத்தில், வேகமளக்கும் கருவியும் நிறுத்தக் கடிகாரமும் குறிப்பேடுமாக அமர்ந்திருப்பார்கள். பள்ளிப்படிப்பை முடித்தோரையும் பல்கலைக்கழக மாணவரையும் அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் ஆண்டுத் தெரிவு 1965 இல் தொடங்கியது. அத்தெரிவுக்கு அடித்தளம் இவர்களது குறிப்பேடே.

அக்குறிப்பேட்டின் அமைப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. பந்தை அடித்தல், தொலைவுக்கு அடிக்கும் வலிமை, ஓட்டம், களத்தில் பந்தைத் தடுத்தல், எறியும் கையின் ஆற்றல் என ஐந்து திறன்களுக்குப் புள்ளி இடுகின்றனர். புள்ளி 20 இலிருந்து 80 வரை. தொழின்முறை ஆட்டக்காரரின் சராசரி 50. வியப்பு இதுவன்று. ஒவ்வொரு திறனுக்கும் எதிரே இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று, இப்பிள்ளை இன்று இருக்கும் நிலைக்கு. மற்றொன்று, உடல் முதிர்ந்து பயிற்சியும் பெற்றபின் இவன் அடையக்கூடிய நிலைக்கு. இன்று 30 பெறும் ஒருவனுக்கு நாளைய நிரலில் 60 இடப்படலாம். இன்று சிறந்து விளங்கும் மற்றொருவனுக்கு இரு நிரலிலும் ஒரே புள்ளி விழலாம். அவன் வளர்ச்சி முடிந்துவிட்டது என்பது அதன் பொருள். ஆள்தேர்வோர் இரண்டாம் நிரலிற் பலமுறை தவறுகின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும் அதனை வெறுமையாக விடுவதற்கு அவர்களுக்கு உரிமையில்லை.

நமது தேர்ச்சி அறிக்கையை எண்ணிப் பார்க்கிறேன். அதில் ஒரு நிரலே உண்டு. தமிழ் 46, கணிதம் 38, ஒழுக்கம் நன்று. நாளைக்கென்று ஒரு நிரல் இல்லை. ஆசிரிய கலாசாலையில் இரண்டாண்டு பயின்று, பாடக்குறிப்பு எழுதவும் கரும்பலகையை மூன்றாகப் பிரிக்கவும் கற்றுச் சான்றிதழும் பெற்றேன். பிள்ளை ஒருவன் நாளை என்னவாகக்கூடும் என்று எழுதிப் பார்க்கும் பயிற்சி அங்கும் இருக்கவில்லை. வள்ளுவர் ‘தெரிந்துதெளித’லையும் ‘தெரிந்துவினையாட’லையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். ஆண்டுதோறும் அவற்றைப் பாடமாக நடத்துகின்றேன். அரசனுக்குக் கூறப்பட்ட அந்நெறி ஆசிரியனுக்கும் உரியதென்பதை நடத்தும்பொழுது மறந்துவிடுகின்றேன்.

நம் நாட்டிற் பெயர் பெற்றோர் வரலாற்றைப் பார்த்தால், இரண்டாம் நிரலை யாரோ ஒருவர் மனத்துள் எழுதியிருப்பதைக் காணலாம். கண்டி முத்தையா முரளிதரன் புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் நடுத்தர வேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதளவிற் சுழற்பந்து வீசிப் பார் என்று அவரைத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1991 இல் முரளிதரன் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெற் வீரரானார். 1992 ஆகத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தமது முதல் டெஸ்ற் ஆட்டத்தை ஆடினார். அது நடந்த கெத்தாராமை அரங்குக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து நடந்தே செல்லலாம். 2010 இற் காலியில் 800 ஆவது விக்கெற்றுடன் விடைபெற்றார். அப்பதினான்கு வயதுப் பையனை நடுத்தர வேகத்திலேயே விட்டிருந்தால், நல்ல கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் என்பதற்கு மேல் என்ன எஞ்சியிருக்கும்?

காலிக்கு அருகே இரத்கம என்னும் ஊரிற் கடற்கரை மணலிலும் தென்னந்தோப்பிலும் மென்பந்து வீசித் திரிந்தவர் லசித் மாலிங்க. தோளுக்குப் பக்கமாகக் கையைச் சுழற்றி எறியும் அவரது முறை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அவரைக் கண்டெடுத்தார். அம்முறையை அழித்தெழுதாமல் வளரவிட்டார். இன்றைய நிரலை மட்டும் பார்ப்பவர் பிழையென்று சிவப்புக் கோடிட்டிருப்பார். நாமும் பிள்ளைகளின் கட்டுரைகளில் அவ்வாறு எத்தனை கோடுகள் இட்டிருக்கிறோம்!

ஆனாற் கண் எங்கே செல்கின்றது என்பது ஒரு பெரிய வினா. திடல் உள்ள இடத்துக்கே செல்கின்றது. மகாதேவன் சதாசிவம் கொழும்பு வெஸ்லிக் கல்லூரியில் ஆடினார். கழகங்களின் பார்வை அவர்மீது விழுந்தது. 1947 இற் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தார். 1948 இற் பிராட்மனின் அணியை எதிர்த்து இலங்கைக்குத் தலைமை தாங்கினார். வடக்கிலோ, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதற் பெருஞ்சமர் ஆடிவருகின்றன. மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் லங்கா பிறீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடியது 2020 இல், இந்திய ஐ.பி.எல். ஆட்டத்தில் ஹைதராபாத் அணிக்கு ஆடியது 2024 இல். இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற் கடந்துவிட்டது. போர் ஒரு காரணம், பொருட்குறை ஒரு காரணம். கண் அப்பக்கம் செல்லாமையும் ஒரு காரணம். ஜிந்துப்பிட்டி ஒழுங்கைக்குப் போர்த்தடை இருந்ததில்லை. நாட்டின் பெரிய அரங்குகளில் ஒன்று நடைதூரத்திலேயே நிற்கின்றது. அவ்வாறிருந்தும் கண் இங்கு வருவது அரிது.

இனி, கண் செல்லும் இடத்திலும் அது சரியாகக் காண்கின்றதா என்பது அடுத்த வினா. கனடாவின் பனித்தரை ஹொக்கியை ஆராய்ந்தோர் ஓர் உண்மையைக் கண்டனர். அங்கு வயதுப் பிரிவு சனவரி முதலாந் திகதியைக் கொண்டு கணிக்கப்படும். தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்களில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவரே மிகுதி. காரணம் எளிது. ஒரே பிரிவில், சனவரியிற் பிறந்தவன் மார்கழியிற் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். பன்னிரண்டு வயதில் ஓராண்டு என்பது நான்கு விரற்கிடை உயரம். அந்த உயரத்தைத் திறமையென்று எண்ணித் தேர்கின்றனர். தேர்ந்தவனுக்கே நல்ல பயிற்சி கிடைக்கின்றது. பயிற்சி பெற்றவன் உண்மையிலேயே தேறிவிடுகின்றான். தேர்ந்தவர் தம் கணிப்புச் சரியென்று மகிழ்கின்றனர். வேறு விளையாட்டுகளிலும் வகுப்பறையிலும் இதே சாய்வு காணப்பட்டுள்ளது. முன்வாங்கிற் பளிச்சென்று விடை சொல்லும் பிள்ளைக்கே மீண்டும் மீண்டும் வினாக் கொடுக்கும் நாம் இதற்கு விலக்கல்லேம்.

கண்டெடுத்தபின் என்ன? இங்கேதான் என் நெஞ்சு கனக்கின்றது. 2008 இல் இந்தியாவில் ஒரு போட்டி நடந்தது. வேகமாகவும் குறிதவறாமலும் பேஸ்போல் வீசக்கூடிய இளைஞரைத் தேடி அமெரிக்கர் வந்தனர். 37,000க்கு மேற்பட்டோர் வீசினர். தேறிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் வட இந்தியச் சிற்றூர்ப் பிள்ளைகள், ஈட்டி எறியப் பயின்றவர்கள்; அதற்குமுன் பேஸ்போல் ஆடியறியாதவர்கள். அவ்வாண்டே பிற்ஸ்பேர்க் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழின்முறைப் பேஸ்போலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர் அவர்களே. கதை திரைப்படமாகவும் 2014 இல் வெளிவந்தது. ஆயினும் தலைமைச் சங்க ஆட்டத்தில் இருவரும் ஒருநாளேனும் ஆடினாரல்லர். ஒருவர் சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார். மற்றவர் பின்னர் மற்போர்க் காட்சிகளுக்குச் சென்றார். அவர்கள் அடைந்தது நட்டமென்று நான் கூறமாட்டேன். சிற்றூரிலிருந்து உலகைக் கண்டதும் ஒரு பேறே. ஆனால் ஒரு கையின் வேகத்தைக் காண்பது ஒரு நாள் வேலை. அக்கைக்குரியவனை வளர்ப்பது பல்லாண்டு வேலை. முதலாவதற்குக் கூட்டம் கூடுகின்றது. இரண்டாவதற்கு ஆளில்லை.

கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் நிலைமை இன்னும் கடுமையானது. அங்குள்ள சிறுவர் பதினாறு வயதில் அமெரிக்க அணிகளுடன் ஒப்பந்தம் செய்யலாம். அதற்காகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டுப் பயிற்சிக் கொட்டகைகளிற் சேர்வோர் பலர். கண்டெடுத்த தரகருக்கு ஒப்பந்தப் பணத்திற் பங்குண்டு. ஒப்பந்தம் கிடைத்தோரிலும் பெரும்பாலோர் தலைமைச் சங்கத்தை எட்டுவதில்லை. கிடைக்காதவர் பதினேழு வயதிற் படிப்புமின்றித் தொழிலுமின்றி நிற்கின்றனர்.

பாரதக் கதையில் துரோணர் ஏகலைவனின் திறனைக் கண்டார். கண்டவர் கேட்டது கட்டைவிரல். நாம் அக்கதையைப் படித்துத் துரோணரை நொந்துகொள்கின்றோம். பெரிய ஆட்டத்துக்காகப் பதினாறு வயதுப் பையனை வலியோடு வீசுவிப்பவர் கேட்பதும் அதுவேயன்றோ? விரலுக்குப் பதிலாக முதுகெலும்பு. ஏகலைவனாவது தான் கொடுப்பது இன்னதென்று அறிந்து கொடுத்தான்.

இதற்கு மாறான ஒரு செய்தியை யப்பானிற் கண்டேன். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் கோடைகாலப் பேஸ்போற் போட்டி 1915 இல் தொடங்கியது. கோஷியென் அரங்கில் நடக்கும் அப்போட்டி அவர்களுக்குத் திருவிழாப் போன்றது. 2011 இன் கடற்கோளில் ரோக்கி சசாக்கி என்னும் சிறுவன் தந்தையையும் பாட்டன் பாட்டியையும் இழந்தான். கடற்கோள் என்னவென்பதை 2004 இற் கண்டவர்கள் நாம், விரித்துக் கூறவேண்டியதில்லை. வளர்ந்தபின் பேஸ்போலிற் புகழ்பெற்ற பள்ளிகளை நாடாமல், உடன் ஆடிய நண்பர்களோடு ஒபுனாத்தோ என்னும் கரையோர நகரின் அரசினர் பள்ளியிலேயே சேர்ந்தான். 2019 சித்திரையில், பதினேழு வயதில், மணிக்கு 163 கிலோமீற்றர் வேகத்தில் வீசினான். நாட்டின் கண் முழுவதும் அவன்மீது விழுந்தது.

அவ்வாண்டு ஆடியில் மாகாண இறுதியாட்டம் வந்தது. வென்றாற் கோஷியென். 1984 இற்குப் பின் அப்பள்ளிக்குக் கிட்டாத வாய்ப்பு. முதல்நாள் அரையிறுதியிற் சசாக்கி 129 முறை வீசியிருந்தான். பயிற்றுநர் இறுதியாட்டத்தில் அவனைக் களமிறக்கவில்லை. பள்ளி தோற்றது. ஊரார் கொதித்தனர், பள்ளிக்குத் தொலைபேசிவழி வசைகள் குவிந்தன. அவனைத் தெரிந்தெடுத்த தொழின்முறை அணியும் 2020 முழுவதும் ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் அவன் உடலை முதலில் உறுதிப்படுத்தியது. 2022 சித்திரை 10ஆந் திகதி, எதிர்நின்ற இருபத்தேழு பேரில் ஒருவரையேனும் முதற்றளம் எட்டவிடாமல் ஆட்டத்தை முடித்தான். அவருள் 19 பேர் அடிக்க முயன்று தோற்று வெளியேறினர். 2025 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் அணியில் ஆடினான். அங்கே அவனுக்கும் தோள்நோவு வந்தது. வீசுபவன் உடம்புக்கு எவரும் உறுதிப்பத்திரம் எழுதிக்கொடுக்க இயலாது. ஆயினும் பள்ளிப் பருவத்தில், பள்ளியின் பெயருக்காக, அவன் தோள் செலவழிக்கப்படவில்லை. 2020 முதல் யப்பானிய உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் ஒருவன் ஒரு வாரத்தில் 500 முறைக்கு மேல் வீசலாகாது என்னும் விதியும் வந்துவிட்டது.

வெற்றிக் கேடயத்தை விட்டுக்கொடுத்துப் பிள்ளையைக் காத்த அந்தப் பயிற்றுநரைப் போல ஒருவர் என் மாணவனுக்கு வாய்க்கவில்லை என்று பிறரைக் குறைகூறுவது எளிது. முதலில் காணவேண்டியவனாகிய நான் காணவில்லை என்பதே உண்மை. நான் கண்டிருந்தால், விடுகைப் பத்திரத்தை நீட்டுமுன் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவன் படிப்பை யார் பார்ப்பார்? ஒரு வாரத்தில் எத்தனை ஓவர் வீசுவிப்பீர்கள்? நோய்ப்பட்டால் யார் பொறுப்பு? ஆட முடியாமற் போனால் அவன் எங்கே போவான்? தகப்பனார் கேட்க அறியாத அக்கேள்விகளைக் கேட்பதற்கே நாட்டார் எனக்குச் சம்பளம் தருகின்றனர்.

இதற்கு மறுப்புகள் உண்டு. நண்பர் ஒருவர், பள்ளிக்கூடம் படிப்புக்கே. பந்தும் மட்டையும் பிள்ளையைக் கெடுக்கும் என்பார். படிப்பிலும் நாம் இரண்டாம் நிரலை எழுதுவதில்லை என்பதே அவருக்கு என் விடை. பேச்சிலே, இசையிலே, கைத்தொழிலிலே, கணக்கிலே பின்னாளில் ஓங்கக்கூடியவரும் இதே ஒற்றை நிரலில் அடிபட்டுப் போகின்றனர். பந்து வீசுபவன் கண்ணுக்கு வெளிப்படையாக இருப்பதால் அவனை எடுத்துக்காட்டினேன், அவ்வளவே.

வேறொருவர், பெரிய கல்லூரியின் கதவு ஏழைக்குத் திறப்பதே அரிது. அதையும் நீர் கேள்வி கேட்டு அடைப்பீரோ என்பார். இதில் உண்மையுண்டு. நல்ல திடலும் நல்ல பயிற்றுநரும் இன்றி முரளிதரனும் உயர்ந்திரார். கதவை அடைக்கச் சொல்லவில்லை. அழைத்துச் செல்பவர் எழுத்திற் கையொப்பமிட்டுச் செல்லட்டும் என்கின்றேன். விலைமதிப்புள்ள பொருளை அடகுக்கடையில் வைத்தாலும் சீட்டு வாங்குகின்றோம். பிள்ளையைச் சீட்டின்றிக் கொடுத்துவிடுகின்றோம்.

இன்னொருவர், வகுப்புக்கு நாற்பது பேர்; நேரமேது என்பார். நாற்பது பேருக்கும் தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு வரி எழுத இரண்டு மாலைகள் போதும். அந்த வரியை எழுதுவதற்காகவாவது அவனை ஒருமுறை உற்றுப் பார்க்க நேரும். உண்மையான பயன் எழுத்திலன்று, அப்பார்வையில் உண்டு.

பழைய மாணவர்களாகிய உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். விழாக் காலங்களில் நீங்கள் கல்லூரிக்குக் கேடயமும் கட்டடமும் தந்திருக்கிறீர்கள், நன்றி மறவோம். இம்முறை வேறு வகையில் உதவுங்கள்.

ஒன்று: ஆறாம் ஆண்டு தொடங்கி ஒவ்வொரு மாணவனுக்கும் இருநிரற் குறிப்பேடு ஒன்று வைக்க ஆவன செய்யுங்கள். வகுப்பாசிரியரோடு விளையாட்டாசிரியரும் உங்களில் ஒருவரும் சேர்ந்து அதனை எழுதட்டும். குறிப்பெழுத வருபவர் கல்லூரித் திடலோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் குடியிருக்கும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளுக்கும் மாலை வேளையில் வரட்டும். பிந்தி வளரும் சிறிய உருவத்தோனையும், மார்கழியிற் பிறந்தவனையும் மறவாது எழுதட்டும்.

இரண்டு: நம் பிள்ளை ஒருவனைத் திறமைக்காக வேறிடம் அழைத்துச் செல்வோர், அவன் கல்வி, மருத்துவம், வீச்சின் அளவு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்று எழுத்தில் உடன்படட்டும். பெற்றோர் பக்கத்தில் நின்று அதனைப் படித்துப் பார்க்க உங்களில் வழக்கறிஞர் ஒருவரும் வைத்தியர் ஒருவரும் முன்வாருங்கள். அவன் திரும்பி வரநேர்ந்தால், நம் கல்லூரியில் அவனுக்கு ஒரு வாங்கு எப்பொழுதும் உண்டு என்பதை நாமும் எழுத்திற் கொடுப்போம்.

மூன்று: பேருந்துக் கட்டணமும், பயிற்சி முடிந்தபின் ஒரு முட்டையும் ஒரு குவளை பாலும். சிறியனவாகத் தோன்றும் இவை இல்லாமையினாலேயே திடலுக்கு வராமல் நிற்பவர் பலர். கட்டடத்துக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

இக்கட்டுரையை எழுதுமுன் அம்மாணவனின் கடைக்குச் சென்று, அவனைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாவிட்டால் எழுதுங்கள் என்றான். பின்னர், தங்கள் ஒழுங்கையில் இடக்கையால் வீசும் சிறுவன் ஒருவன் இருப்பதாகவும், நம் கல்லூரியில் ஏழாம் ஆண்டில் அவன் படிப்பதாகவும், ஞாயிறுதோறும் தான் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதாகவும், ஆறு ஓவருக்கு மேல் வீச விடுவதில்லையென்றும் கூறினான். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின்புறத்தில் அச்சிறுவன் ஒவ்வொரு ஞாயிறும் வீசிய ஓவர்கள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன.

கடந்த ஞாயிறு மாலை அவ்வொழுங்கைக்குப் போனேன். ஆட்டத்தின் நுட்பம் எனக்கு விளங்கியதாகக் கூறமாட்டேன். பழப்பெட்டி இரண்டுமுறை விழுந்தது. சிறுவன் திரும்பிப் பார்த்தபொழுது அவன் தமிழாசிரியர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவனுடைய சட்டை இடது தோள்மூட்டிற் தையல் விட்டிருந்தது.